போர்ட் அகஸ்டாவில் உப்பு

மெல்பேர்னை விட்டு மூன்றாம் நாள்.
உப்புப் போத்தலை வீட்டு அடுப்படியில்
மறந்துவிட்டு வந்தது நானா அவரா என்பது
ஹோர்ஷமில் தொடங்கிய வழக்கு.
அதற்குப் பிறகு
எத்தனை சூப்பர் மார்க்கெட்டைக் கடந்திருப்போம்!
இறங்கி வாங்குகிறவர் தோற்றவர்.
ஆகவே, ஏழு மீட்டர் மோட்டார்ஹோமுக்குள்
உப்பில்லாச் சொதி, உப்பில்லாச் சோறு,
முழங்கால் இடிக்கும் மடக்கு மேசையில்
முகம் பாராத இரண்டு பேர்.

அடிலெய்ட் தாவரத் தோட்டத்தில்
கண்ணாடிக் கூடத்துக்குள்
தாம்பாளம் தாம்பாளமாய் இலை விரித்திருந்தது ராட்சத ஆம்பல்.
படமொண்டு எடுங்கோ என்றேன்.
"இலைதானே" என்றார் குகதாசன்,
அடுத்த முகாமில் மின்சாரத்துக்கு
எவ்வளவு கேட்கிறார்கள் என்று கைபேசியில் தேடியபடி.
அவருக்குப் பயணம் என்றால் கிலோமீட்டர்.
எனக்குப் பெயர்ப்பலகை கட்டிய மரங்கள்.
நாற்பது பக்கக் கொப்பியில்
அதுவரை இருபத்தொரு பெயர்.

போர்ட் அகஸ்டாவில் நின்றதும்
பூவுக்காக இல்லை,
கழிவுநீர்த் தொட்டி நிறைந்துவிட்டது.
அதைக் கொட்டிக் கழுவி, கையுறையை உதறி,
திரும்ப ஏறப்போன நேரத்தில்தான் கண்டேன்
வறண்ட நிலத் தாவரத் தோட்டத்துக்கு வழி காட்டும் பலகையை.
"வறண்ட நிலத்துக்கும் தோட்டமோ?
ரெண்டு நாளா அதைத்தானே பாக்கிறம்,
கண்ணாடிக்கு வெளியிலை, சும்மா."
சொன்னாலும் வண்டியைத் திருப்பினார்.
நீள வண்டிகளுக்குத் தனி இடம் இருந்தது.
ஒரே தடவையில் நிறுத்திவிட்டு
யாராவது பார்த்தார்களா என்று
பக்கக் கண்ணாடியில் பார்த்தார்.

மண் சிவப்பு. தூரத்து மலை
வெந்து ஆறிய செங்கல்லின் ஊதா.
ஒரு கொடி தரையோடு படர்ந்து
சிவந்த பூக்களின் நடுவே
கறுத்த குமிழால் என்னை உறுத்துப் பார்த்தது.
ஈமுப் புதர், முல்கா, நீலப் புதர்:
இருபத்துநான்கு வரை எழுதினேன்.
குகதாசன் கைகளைப் பின்னால் கட்டி
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்போல
ஒவ்வொன்றின் அடியையும் குனிந்து பார்த்தார்.

இருபத்தைந்தாவது
சாம்பல் பூசிய குட்டை இலை.
நீர் ஊற்றிக்கொண்டிருந்த தன்னார்வலர் டோரீன்,
தொப்பியை நெற்றிக்கு மேலே தள்ளி, சொன்னாள்:
"உப்புப் புதர். வேர் குடிக்கும் உப்பை
இலையின் தோலுக்குத் தள்ளிவிடும்.
வெயிலுக்கு அதுவே அதன் குடை."
நான் சிரிக்கவில்லை.
அவரும் சிரிக்கவில்லை.
சிரித்தவர் தோற்றவர்.

"இதிலே கிள்ளக்கூடாது" என்றாள் டோரீன்,
என் விரல்கள் போன இடத்தைப் பார்த்து.
"வேண்டுமென்றால் வேலிக்கு வெளியே,
வண்டிகள் நிற்கும் பக்கம்,
யாரும் நடாமல் நிற்கிறது."

நின்றது.
எங்கள் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி,
பெயர்ப்பலகை இல்லாமல், புழுதியோடு.
ஒரு இலையைக் கடித்தேன்.
நாக்கின் ஓரத்தில் கடல் மெல்லத் தொட்டது.
மூன்று நாளில் முதல் தடவையாக
வாய்க்கு வாய் இருப்பது தெரிந்தது.
ஒரு கைப்பிடி கிள்ளி, தண்ணீரில் அலசி,
தேங்காய்ப்பால் மாவைக் கரைத்து
அடுப்பை மூட்டினேன்.

அவர் எங்கே?
தோட்டத்துக் கஃபே பக்கமிருந்து
வேகமாய் வந்து, படியில் ஏறி,
ஒரு சொல்லும் இல்லாமல்
சட்டைப்பையை மேசையில் கவிழ்த்தார்.
காகித உறையில் அடைத்த உப்பு,
ஆறு.
கோப்பி ஒன்று வாங்கினால்தான் எடுக்கலாம் என்று
கோப்பியும் வாங்கியிருந்தார், எனக்கு.

சட்டியில் இலை ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது.
அதை நான் சொல்லவில்லை.
மூன்று உறையைக் கிழித்துப் போட்டேன்.
அவர் நாலாவதைக் கிழித்தார்.

அன்றைக்குச் சொதி
வாயில் வைக்க முடியாமல் கரித்தது.
இரண்டு தட்டிலும்
ஒரு பருக்கை மிஞ்சவில்லை.