சைலன்சர்

படைக்கல உரிமம் கைக்கு வரப்
பதினான்கு மாதம்.
கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை வந்தார்,
வருவாய் ஆய்வாளர் வராமலே வந்ததாக எழுதினார்.
காவல் நிலையத்திலிருந்து ஒருவர்
திருப்பாலைக்குடி வரை வண்டியோட்டி வந்து,
வாசலில் காய்ந்த நெத்திலியை மிதிக்காமல் நின்று,
"யாரோடயாச்சும் பகை உண்டா?" என்றார்.
"மச்சினனோட ரெண்டு வருஷமாப் பேச்சில்லை."
"அதெல்லாம் பகையில சேராதுங்க"
இல்லை என்று எழுதிக்கொண்டார்.

பதினேழு வருடம் துப்பாக்கி தூக்கியவன்தான்.
ஒன்றுகூட என்னுடையது இல்லை.
வங்கிக் காவலுக்கு
சொந்தத் துப்பாக்கியோடு வா என்கிறார்கள்.

ராமநாதபுரத்தில், அரண்மனைக்குப் பின்னால்,
உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே
கம்பிக் கதவு போட்ட ஒரு கடை.
சீனி இபுறாம்சா
இரட்டைக் குழலை மடக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
இரண்டு வட்டம்.
இரண்டுக்குள்ளும் அதே மின்விசிறி.

பணத்தை எண்ணி வைத்துவிட்டுக்
குரலைத் தாழ்த்தினேன்.
"பாய், இதுக்கு சைலன்சர் கிடைக்குமா?"

சொன்னேன்:
என் இடது காதில் ஒரு சில்வண்டு,
ராஜஸ்தானில், சுடும் பயிற்சி மைதானத்தில்
குடியேறியது, இன்னும் காலி செய்யவில்லை.
சின்னவன் கவினுக்குச் சத்தமே ஆகாது.
தீபாவளிக்கு முந்தின நாளே
கட்டிலுக்கடியில் போய்விடுவான்,
சாப்பாட்டைத் தரையோடு தள்ளிவிட வேண்டும்.

பேனாவை மூடி வைத்தார்.
"இந்தத் தாள்ல அதுக்குக் கட்டமே கிடையாது தம்பி.
துப்பாக்கி தருவாங்க,
சத்தமில்லாத துப்பாக்கி தரமாட்டாங்க.
சுட்டா ஊருக்குக் கேக்கணும், அதான் சட்டம்.
நீ கேட்டது என் காதுல விழலை."
பிறகு சிரித்தார்.
"சைலன்சர்தான் வேணும்னா தொண்டிக்குப் போ.
வல்லத்துக்கு வாங்கலாம்."

வேடிக்கைக்குச் சொன்னார்.
நான் போனேன்.

ஏனென்றால் பகையே அதுதான்.
விடிகாலை மூன்று மணிக்கு
எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்துதான்
வில்லாயுதம் வல்லத்தைக் கிளப்புவான்.
ஓட்டைக் குழாய், பழைய டீசல் இன்ஜின்.
கவின் அலறி எழுந்தால் பள்ளி வண்டி வரும்வரை
நம்புத்தாய் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு
உட்கார்ந்திருப்பாள்,
தன் அண்ணனைத் திட்டவும் முடியாமல்.

தொண்டிக் கடையில்
ஆதார் கேட்கவில்லை, புகைப்படம் கேட்கவில்லை,
பகை உண்டா என்று யாருமே கேட்கவில்லை.
ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்,
தினத்தாளில் சுற்றிக் கொடுத்தான்.
என் வாழ்நாளில் வாங்கிய முதல் சைலன்சர்
துப்பாக்கியைவிடக் கனம்.

நம்புத்தாய் கொண்டுபோய்க் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டானாம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

மறுநாள் மூன்று மணிக்கு
எனக்கு மட்டும் விழிப்பு வந்தது.
கவின் வாயைத் திறந்தபடி தூங்கினான்.
கடல் இருக்கிறதா என்று
எழுந்துபோய்ப் பார்த்தேன்.
கரையில் வில்லாயுதம் பெண்டாட்டி செல்லக்கனி
கையில் டார்ச்சோடு நின்றாள்.
"போயிட்டாரா, இல்லையாண்ணே?
ஒண்ணும் கேக்கலையே."
சத்தம் தேயத் தேயத்தான்
இத்தனை வருடமும்
அவள் தூரத்தை அளந்திருக்கிறாள்.

மோர்ப்பண்ணைக்கு நேரே
மரைன் போலீஸ் மடக்கிவிட்டது.
இந்தக் கடலில் சத்தமில்லாமல் போகிறவன்
மீனுக்கா போகிறான்?
ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து,
வலையை உதறி,
இன்ஜினைத் தட்டிப் பார்த்து,
ரசீது கேட்டிருக்கிறார்கள்.
தினத்தாள்தான் இருந்தது.

பத்தரை மணிக்கு வந்து சேர்ந்தான்.
மீன் இல்லை, ஐஸும் இல்லை.
நேராக என் வாசலுக்கு வந்து,
நெத்திலியை மிதித்துக்கொண்டே நின்று,
இரண்டு வருடத்துக்குச் சேர்த்து
ஒரே மூச்சில் கத்தினான்.
தெரு முழுக்கக் கேட்டது.
சில்வண்டைத் தாண்டி என் இடது காதுக்கும்
தெளிவாகவே கேட்டது.

உள்ளே அலமாரியில் துப்பாக்கி பூட்டிக் கிடந்தது.
கவின் பள்ளிக்கூடம் போயிருந்தான்.

"சாப்பிட்டியா?" என்றேன்.