தெளிவில்லை

எஸ்கனாபா நகரசபை, இரண்டாம் மாடி.
மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே
ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது.
நான் சுருக்கெழுத்துக்காரி.
பேச வருகிறவர்களுக்கு நானும் ஒரு நாற்காலி.

இன்றைய பொருள்: காவலர் பயிற்சிக் கையேடு,
பக்கம் நாற்பத்தொன்று.
வைத்துக்கொள்வதா, கிழித்துவிடுவதா.

பத்தொன்பது வருடமாகப் பயிற்சி தரும் வெய்ன் ஹெய்க்கினன்
எழுந்து சொன்னார்: இது நெரிப்பதல்ல.
அந்தச் சொல்லை முதலில் வெளியே வையுங்கள்.
முழங்கை முகவாய்க்கு நேர் கீழே,
மூச்சுக்குழாய்க்கு அந்த மடிப்பில் இடம் இருக்கிறது.
இரண்டு பக்க ரத்தக் குழாய்களை மட்டும்
பிள்ளை தூங்கும் அறைக் கதவைப் போலச் சாத்துகிறோம்.
ஏழு நொடி.
ஆள் தூங்கிவிடுவான். எழுந்து நம்மைத் திட்டுவான்.
திட்டுவதற்கு உயிரோடிருப்பான்.
"இதைப் பிடுங்கிவிட்டால் என் பிள்ளைகளின் இடுப்பில்
மிச்சம் இருப்பது துப்பாக்கி."
சிலர் தலையசைத்தார்கள்.
தலையசைப்பை நான் பதிவதில்லை.

டாக்டர் ஃபரீபா நஜாஃபி குறிப்புத்தாளைத் திறக்கவேயில்லை.
கழுத்து யாருக்கும் அளவெடுத்துத் தைத்ததல்ல, என்றார்.
ஓடி, வியர்த்து, திமிறுகிற ஒருவனிடம்
உங்கள் முழங்கை எங்கே இருக்கிறது என்பதை
அவன் குரல்தான் சொல்ல வேண்டும்.
அதன் மேல்தான் கை வைத்திருக்கிறீர்கள்.

ரோண்டா பெல்லாங்கருக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.
பதினோரு நொடிதான் எடுத்துக்கொண்டாள்.
"என் மகனுக்குச் சட்டைக் கழுத்து பதினாறரை அங்குலம்.
பதிவாகட்டும்."
எண்ணாலா எழுத்தாலா என்று தயங்கி
இரண்டாலும் பதிந்தேன்.

பிறகு ஹெய்க்கினன் கோட்டைக் கழற்றினார்.
டெரிக் லவீன், பயிற்சியில் நான்காவது வாரம்,
முதுகைக் கொடுத்து நின்றான். காதோரம் புதிதாகச் சிரைத்திருந்தது.
பாயில் ஒரு சட்டம் உண்டு, என்றார் அவர்.
இரண்டு முறை தட்டினால் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.
விலங்கு மாட்டிய கை எதில் தட்டும் என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
தலைவர் சுத்தியலைத் தட்டினார்.
இரண்டு முறை.

ஒன்று. இரண்டு. மூன்று.
அறையே வாய்விட்டு எண்ணியது,
பிறந்தநாள் விருந்தில் எண்ணுவதுபோல.
ஐந்தில் பையனின் காது சிவந்தது.
ஆறில் பாதிப் பேர் நிறுத்திவிட்டோம்.
ஏழு என்று யாருமே சொல்லவில்லை.
அவர் விட்டார்.
அவன் மூச்சு விட்டான்.

சிரித்தபடிதான் நிமிர்ந்தான்.
"ரெண்டு தடவை தட்டினேனே, சார்."
"இல்லப்பா. நீ தட்டவேயில்லை."
"முழங்கையில. தட்டினேன்."
"தட்டியிருந்தா எனக்குத் தெரியாதா?"
குரலை உயர்த்தவில்லை ஒருவரும்.
கோட்டை மறுபடி மாட்டும்போது
வலது கைக்கு இடது கைத்துளையைத் தேடிக்கொண்டிருந்தார்
ஹெய்க்கினன்.

இரவு பதினொன்றரை. வீட்டுச் சமையல் மேசை.
ஒலிப்பதிவைக் காதில் மாட்டி
பத்தாவது முறையாக ஓட்டுகிறேன்.
நான்கு. ஐந்து.
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்
டக், டக்.

அது அவன் விரலாக இருக்கலாம்.
என் விசைகளாகவும் இருக்கலாம்.
அந்த நொடியில் நான்
'ஐந்து' என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் பனி வாரும் வண்டி போகிறது, திரும்புகிறது.
வாக்கெடுப்பு வியாழக்கிழமை.
பிரதி காலை எட்டுக்குள் போய்ச் சேர வேண்டும்.
காதுக்கு எட்டாததை என்ன செய்வதென்று
எங்கள் தொழிலில் விதி இருக்கிறது:
ஒரு சொல், அதன் இரு பக்கமும்
வளைந்த இரண்டு கோடு.

இடது வளைவைப் போட்டுவிட்டேன்.
சொல்லையும் போட்டுவிட்டேன்.
வலது வளைவை
இன்னும் போடவில்லை.