பழுப்புப் பலகை 117

சுற்றுலாத் தலத்துக்குப் பழுப்பு நிறம்.
கொள்ளிடம் தொடங்கிக் கோடியக்கரை வரை
நூற்றிருபத்தாறு நட்டிருக்கிறேன்.
சோழர் கோயில் 4 கி.மீ.
அலையாத்திக் காடு 11.
வெளிமான் சரணாலயம் 23.
டச்சுக்காரனுக்கும் டேனிஷ்காரனுக்கும் வித்தியாசம்
எழுத்துக்கூட்டலில் மட்டும்தான் எனக்குத் தெரியும்.
எதையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.
குழி தோண்டி, கம்பம் நிறுத்தி,
சிமென்ட் இறுகும் வரை பிடித்துக்கொண்டு நிற்பேன்,
அதுதான் என் பார்வை நேரம்.

குறுவை அறுப்பு முடிந்த வாரம்
வைக்கோல் லாரி ஒன்று 117-ஐ உரசிவிட்டுப் போனது.
பலகை விழவில்லை. கம்பத்தோடு கால்வட்டம் சுழன்று
கிழக்கே இருக்கும் கோட்டையைத்
தெற்கே காட்டிக்கொண்டு நின்றது,
மூன்று மாதம்.

போனைப் பார்த்து வந்தவர்கள் தப்பித்தார்கள்.
சிக்னல் கிடைக்காதவர்கள் பலகையை நம்பினார்கள்.
கருவேல முள், இறால் பண்ணை,
தார் முடிந்து கப்பி,
கப்பியும் முடிந்து வாய்க்கால் கரை,
கரை முடிகிற இடத்தில் ஏழு கண் மதகு.

‘பலகை திருப்புதல், எண்ணிக்கை ஒன்று,
ஆள் கூலி அரை நாள்’
என்று ஆர்டர் வந்தது.
திருப்புவதற்கு முன்னால்
அது எங்கேதான் காட்டுகிறது என்று பார்க்கத் தோன்றியது.
அதுவரை எந்த அம்புக்குப் பின்னாலும் நான் போனதில்லை.

மதகில் லஸ்கர் பக்கிரிசாமி.
என் காக்கிச் சட்டையை அதிகாரி என்று எண்ணி
நீர்மட்டப் பதிவேட்டை நீட்டினார்.

நவம்பர் 3. காலை ஆறு மணி. மேல்மட்டம் 1.35, கீழ்மட்டம் 0.80.
குறிப்பு: ஓசூர், கணவன் மனைவி. கோட்டை கேட்டார்கள்.

நவம்பர் 17. மேல்மட்டம் 1.90. இரண்டு கண் திறப்பு.
குறிப்பு: காரைக்கால் வேன், பிள்ளைகள் பதினாறு.
ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது. எடுக்கப்பட்டது.

டிசம்பர் 2. புயல் எச்சரிக்கை. ஏழு கண்ணும் திறப்பு.
குறிப்பு: யாரும் வரவில்லை.

"கோட்டை கேட்டா என்ன சொல்வீங்க?"
"வழி சொல்லிடுவேங்க.
அதுக்குள்ள அவங்க காலைத் தொங்கப்போட்டு உக்காந்துடறாங்க."

ஓசூர்க்காரம்மா கேட்டாராம்,
மேட்டூரில் திறந்தால் இங்கே வர எத்தனை நாள் என்று.
நடுவுல யாரும் மறிக்கலேன்னா பத்துப் பன்னெண்டு நாள்.
நாங்க ராத்திரி கிளம்பி விடியறதுக்குள்ள வந்துட்டோமே என்று
தண்ணீரிடம் மன்னிப்புக் கேட்பவர்போலச் சிரித்தாராம்.

மதகு நெற்றியில் ஒரு கல்.
சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு அடித்து வருஷம் மூடிப்போயிருக்கிறது.
காரைக்கால் பையன் ஒருவன் விரலால் தடவித் தடவி
பத்தொன்பது வரை படித்தான்,
அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.
நானும் தடவிப் பார்த்தேன்.
மூன்றாவது எழுத்து எட்டோ மூன்றோ.

இந்தப் பக்கம் நம் வயலுக்கெல்லாம் போக மிஞ்சியது,
அந்தப் பக்கம் உப்பு.
நடுவே இரும்புக் கதவு, மசகு,
சக்கரம் சுற்றிக் காய்த்துப்போன இரண்டு கை.
மடவை மீன்கள் உப்பிலிருந்து துள்ளிக்
கதவில் மோதி மோதி விழுந்தன.
பக்கத்தில் கொக்கு ஒன்று,
டிக்கெட் வாங்கியது மாதிரி நின்றது.

"திருப்பிடுவீங்களா?"
"ஆர்டர் இருக்குங்க."
"செய்ங்க, செய்ங்க. எனக்கும் எழுதற வேலை குறையும்"
என்று பதிவேட்டை மூடினார்.
மூடியவர் மறுபடி திறந்து
இன்றைய தேதிக்கு நேரே
என் பெயரைக் கேட்டார்.

சாயங்காலம் ஏணி மேல் நின்றேன்.
போல்ட்டில் இரண்டு இழை வைக்கோல் இன்னும் சிக்கியிருந்தது.
ஸ்பேனரைக் கடித்துத் திருகிக்கொண்டிருக்கும்போது
கீழே ஈரோட்டு நம்பர் கார் ஒன்று நின்றது.
பின்கண்ணாடியில் ஒரு குழந்தையின் உள்ளங்கை.
"அண்ணே, கோட்டை எந்தப் பக்கம்?"

அம்பு அப்போது கிழக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை.
யாருடைய சம்பா வயலையோ காட்டிக்கொண்டிருந்தது.

அவசரமா, என்று கேட்டேன்.