ஆறு மணி நேரம்

லுக்கேனி ஆற்றங்கரையில் தோணியைக் கட்டியாயிற்று.
குளிர்பெட்டிக்குள் நான்கு பனிப்பொதிகள்,
ஒரே ஒரு தட்டம்மைப் புட்டி.
பத்துக் குழந்தைகளுக்கான மருந்து.
லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் சதுரம்;
சதுரம் கறுத்தால் மருந்து செத்தது.
மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும் வெளுப்புதான்.

வந்திருப்பவர்கள் மூவர்.
திறந்தால் ஆறு மணி நேரம் ஆயுள்.
திறக்காவிட்டால் மூவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.
"வருவார்கள், பொறு" என்கிறான் துடுப்புக்காரன் மொப்பாங்கா.
போன மாதமும் பொறுத்தேன்.
பொறுத்ததில் எந்தெந்தப் பெயரை அடித்தேன் என்று
என் பதிவேட்டைக் கேளுங்கள்.

நண்பகல். மூடியைப் பிய்த்து,
பொடியில் நீர் விட்டுச் சுழற்றினேன்.
எயெங்காவின் மகன் அழவில்லை,
என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டான்.
ஐந்து மணிக்குள் ஏழு ஊசி.

எங்கோ ஒரு நகரத்தில்
பெட்டி பெட்டியாய்க் காலாவதியாகிறதாம் இந்த மருந்து,
நீட்டக் கையில்லாமல்.
இங்கே கைகள்தான் மிச்சம்.

ஆறு மணி. விதி விதிதான்.
மூன்று குழந்தைக்கான மருந்தைக்
கழிவுப்பெட்டிக்குள் போட்டேன்.

ஆறு பத்துக்கு இன்னொரு தோணி.
மடியில் இரட்டையர், ம்போவும் ம்பியாவும்.
இரண்டு நாள் துடுப்பு வலித்தவள்
எதுவும் கேட்கவில்லை.
பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னை.

"அடுத்த மாதம்" என்று வாயெடுத்தேன்.
அடுத்த மாதம் யாருக்கும் வாக்குத் தந்ததில்லை.
பாதியில் நிறுத்தி,
குளிர்சாதனம் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னேன்.
எதிர்நீரில் இன்னும் ஒன்றரை நாள்.

அவள் குனிந்து
தன் தோணியை எங்கள் தோணியோடு கட்டினாள்.