பதில் இல்லை

ஊமியோவில் ஜனவரிப் பகல்
இரண்டேகாலுக்கே கடையைக் கட்டிவிடும்.
நூலகத்தின் மூன்றாம் மாடியில்
என் காதுகளுக்குள் ஹில்டிங்கின் சமையலறை:
குழாய் சொட்டுகிறது, நாற்காலி முனகுகிறது,
வீடுவீடாகப் போய்க் கவனிக்கும் அப்ரெஹெத்
எரித்திரிய வாசம் போகாத சுவீடிஷில் கேட்கிறாள்:
மாத்திரை போட்டாச்சா?

மாத்திரை பற்றிய கேள்வி.
இரண்டு மாத்திரை நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அவள் வேறு எதையோ பேசுகிறாள்.

நான் தட்டுகிறேன்: பதில் இல்லை.
அடைப்புக்குறிக்குள் பூஜ்யம் புள்ளி எட்டு.

ஆறு வீடுகள், பதினான்கு மணி நேர ஒலிப்பதிவு,
இருநூற்றுப் பன்னிரண்டு பதில் இல்லைகள்.
அவற்றை அடுக்கி ஓர் அத்தியாயமே கட்டினேன்.
அயல்நாட்டுக் கை மருந்து நீட்டினால்
வாய் திறக்காத வீடுகள் என்று.
மேற்கோள்கள் கனகச்சிதமாகப் பொருந்தின.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சொந்த அத்தாட்சி வேறு இருந்தது.
நவம்பரில், முதல் பெரும்பனி கொட்டிய காலை,
கீழ்வீட்டு ஸ்டூரேயிடம் கேட்டேன்:
உங்கள் பனிவாரியை எடுத்துக்கொள்ளலாமா?
அவர் என்னைப் பார்த்தார்.
கொதிக்கும் காப்பி நாக்கைச் சுட்டதுபோல
உதடு குவித்துச் சட்டென்று
காற்றை உள்ளே இழுத்தார்.
அவ்வளவுதான்.
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று
மன்னிப்புச் சொல்லி மாடியேறி
கேக் தட்டை எடுத்துவந்து வழி வெட்டினேன்.
மறுநாள் பனிவாரி என் கதவில் சாய்ந்து நின்றது.
அதற்கு மறுநாளும்.
நான் தொடவில்லை.
குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் பதிவுகளைக் கூடிக் கேட்போம்.
எட்டுப் பேர், ஓர் ஒலிபெருக்கி, இலவங்கப்பட்டை ரொட்டி.
சிலே நாட்டு இக்னாசியோ
எதிர்ப்பின் மௌனம் என்றான். குறித்துக்கொண்டேன்.
பதினோராவது முறை ஓட்டும்போது
இந்த ஊரிலேயே பிறந்த தூவா
ரொட்டியை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
அவர்தான் ஆமாம் என்கிறாரே.
எங்கே?
அங்கே. இல்லை, கொஞ்சம் பின்னால் போ. அங்கே.

ஷுப்.

குழாய்ச் சொட்டு என்று நான் கழித்துவிட்ட சத்தம்.
இங்கே வடக்கில் இப்படியும் சொல்வோம், என்றாள்,
மூச்சை உள்ளே இழுத்து.
சொல்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது.
எட்டுப் பேரும் சிரித்தோம்; நான் கொஞ்சம் தாமதமாக.

உம் கொட்டுவதற்குக்கூட ஒரு குறி வைத்திருந்தேன்.
மூச்சுக்கு வைக்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி கேட்டேன்.
நூற்றெண்பத்தேழு ஆமாம்.
ஏழு, இருமல் வருவதற்கு முந்தைய இழுப்பு.
மிச்சம் பதினெட்டில்
உண்மையிலேயே யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒவ்வோர் ஆமாமுக்கும் பிறகு
அப்ரெஹெத் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாள்:
திரைச்சீலை, கால்உறை, கஞ்சி.
அவளுக்குக் கேட்டிருக்கிறது.
அந்தச் சமையலறையில் யாரும் யாரையும்
தவறாகப் புரிந்துகொள்ளவில்லை.
புரியாமல் போனது
அங்கே இல்லாத ஒருத்திக்கு,
விலையுயர்ந்த காதொலிக் கருவியோடு.

பனிவாரியை எடுத்தேன்.
மூன்று மாதப் பனியில் கைப்பிடி வெளுத்திருந்தது.
என் வழியை வாரி, ஸ்டூரேயின் வழியையும் வாரினேன்.
சன்னலில் திரை அசைந்தது.
அதற்கு என்ன குறி போடுவது என்று
யோசிக்காமல் உள்ளே வந்தேன்.

ஞாயிறு இரவு, குத்தாயிசியிலிருந்து அக்கா.
ஈஸ்டருக்கு வந்துவிடுவாய்தானே, ருசூ?
நான் பதில் சொன்னேன்.
நன்றாகத்தான் சொன்னேன்.

ஹலோ, என்றாள் அக்கா. ஹலோ?
பிறகு குரலைத் தாழ்த்தி,
அழுகிறாயா?