நாலாவது பள்ளம்

சனிக்கிழமை பத்து மணிக்குத்
தரையைப் பார்க்க வருகிறார் தவுக்கே கோ.
சுவரைப் பற்றிப் பேச்சில்லை.
கூரை ஒழுகுவது அவருக்கும் தெரியும்,
அது அவர் கணக்கு.
தரை என் கணக்கு.

செங்கால் பலகை.
லாபிஸ் ஆலையில் சங்கு ஊதினால்
உள்ளங்காலில் லேசாகக் கேட்கும்.
ஒன்பது வருஷத்துக்கு முன் சாவியோடு
ஒரே ஒரு நிபந்தனை கொடுத்தார்:
"வாளித் தண்ணி ஊத்தாதே, அமுதகலா.
வெள்ளிக்கிழமையானா உங்க ஆளுங்க ஊத்துவீங்க."

ஊற்றவில்லை.
துணியை நனைத்து, பிழிந்து,
மறுபடி முறுக்கிப் பிழிந்து
மணிக்கட்டு வலித்தால்தான் சரியான ஈரம்.
பலகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும்.
வாசலில் இரண்டு கால்மிதி:
ஒன்று செம்மண்ணுக்கு,
மற்றது, முதலாவது விட்டுவைத்த செம்மண்ணுக்கு.
கறையானைவிட மணல் மோசம்.
கறையான் தானே தின்னும்;
மணல் நம் காலைக் கொண்டு தின்னும்.

மழை மாதங்களில் பலகைகள் உப்பி நெருங்கும்.
பிப்ரவரி வெயிலில் விலகும்.
அந்த இடுக்கில் போனவை:
ஒரு தோட்டுத் திருகு, இருபது சென்,
விழுங்கிவிட்டேன் என்று தம்பி சத்தியம் செய்த மாத்திரைகள்.

குலை லோரி கவிழ்ந்து இடுப்பெலும்பு போனபின்
பத்தொன்பது மாதம் இங்கே கிடந்தான்.
ஏலத்தில் எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில்.
நாலு சக்கரம், நாலிலும் ரப்பர் இல்லை.
அவனோடு சேர்த்து இருநூறு கிலோ இருக்கும்.
செங்கால் ஒன்றும் சொல்லவில்லை.
வாங்கிக்கொண்டது.

எழுந்தான்.
கம்போடு நடந்தான்.
கம்பின் நுனி வைத்த கரும்புள்ளிகளை
மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாய் எடுத்தேன்.
கம்பில்லாமல் நடந்தான்.
ஸ்கூடாய்க்குப் போனான்.
"இங்க வீடு முழுக்க டைல்ஸ்க்கா,
தண்ணிய ஊத்திவிட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்."
போய்க்கொண்டேதான் இருக்கிறான்.

பழைய இரும்புக்காரன் கட்டிலைத் தூக்கியதும்
நாலு பள்ளம், சுண்டுவிரல் பதியும் அளவு.

ஈரத்துணியை நாலாய் மடித்து மேலே போட்டு
சுட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும்.
ஆவி இறங்கி, நசுங்கிய நார்
தூக்கம் கலைந்தவன் மாதிரி
முனகிக்கொண்டே நிமிரும்.
முதல் பள்ளம் ஏழு தடவையில் வந்தது.
இரண்டாவதற்குக் கணக்கு வைக்கவில்லை.
மூன்றாவது ஒரு முழு ராத்திரி வாங்கியது;
காய்ந்தபின் எண்ணெய் தொட்டு
அவன் விட்டுப்போன பனியனாலேயே தேய்த்தேன்.
இனி விரலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

நாலாவதற்குத் துணி மடிக்கும்போது போன்.
"டெப்பாசிட் திரும்ப வருதாமேக்கா.
பாதி அனுப்பிவிடு.
நானும் அங்கதானே இருந்தேன்."

பெட்டியின் வயரைப் பிடுங்கினேன்.

தவுக்கே காலுறையோடு உள்ளே வந்தார்.
வெளிச்சத்துக்கு எதிரே கன்னத்தைத் தரையில் சாய்த்து
ஜன்னலிலிருந்து அடுப்படிவரை பார்த்தார்.
"நல்லா வச்சிருக்கே."
பிறகு விரல் நின்றது.
"இது?"
"கட்டில்."
"மத்த மூணு கால்?"
நான் வெளியே குலை லோரி போவதைப் பார்த்தேன்.
முழங்காலால் நகர்ந்து நகர்ந்து
மூன்று இடத்தையும் தடவினார்.
கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.
ஒன்றும் கேட்காமல் ரசீது எழுதினார்:
தரை. ஒரு பள்ளம். கழிவு எண்பது ரிங்கிட்.

ரசீதைப் படம் பிடித்து ஸ்கூடாய்க்கு அனுப்பினேன்.
கீழே எழுதினேன்:
உன் பாதி நாற்பது. எப்போது தருவாய்?

சாமான் லோரி கீழே ஹார்ன் அடித்தது.
கையில் வேறு வேலை இல்லாததால்
துணியைப் பிழிந்தேன்.
பலகை ஓடும் திசையில் துடைத்தபடி
பின்னாலேயே நகர்ந்து
வாசலுக்கு வந்துவிட்டேன்.