பதின்மூன்றாம் மாதச் சம்பளம்

பதிவேட்டில் அவன் தமிராத் கெப்ரே.
கேலரியில் முதலில் தாமரை;
இரண்டு கட்சிக்காரர்கள் வந்து முறைத்துவிட்டுப் போனபின்
தம்பிராசு.

பிறந்தது ஜிம்மா.
சூடானில் இரண்டு சீசன்.
ஓமனில் ஒன்று, அங்கே சம்பளம் வரவில்லை, வெயில் மட்டும் வந்தது.
கொல்கத்தாவில் பதினோரு ஆட்டம், நான்கு கோல்.
மலப்புரத்து செவன்ஸில் யாரும் எண்ணவில்லை.
அப்புறம் நாங்கள்:
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை முதலாளி
மகன் ஆசைக்கு நடத்தும் கிளப்.
நான் பொருளாளர். பகலில் கொலுசு எடை போடுகிறவன்.
ஒரு மில்லி பிசகினாலும் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

பாஸ்போர்ட்டில் வயது இருபத்தொன்பது.
முழங்கால் வேறு எண் சொன்னது.
கேட்டால் சிரிப்பான்:
எங்கள் நாட்டுக் காலண்டர் ஏழு வருடம் பின்னால் வருகிறது,
நான் அதோடு வருகிறேன்.

காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்றால்
உச்சி வெயிலில் வந்து நின்றான்.
விடிந்தபிறகுதானே ஒன்று என்று எண்ண ஆரம்பிப்பது, என்றான்.
எங்கள் ஜாதகக்காரரும் அதையேதான் சொல்வார்:
உதயாதி நாழிகை.
ஒப்புக்கொண்டேன்.
இருநூறு அபராதம் எழுதினேன்.

அவன் அதிகம் ஓடுவதில்லை.
பந்து வந்து சேரும் இடத்தில்
வட்டிக்கு விட்டவன் போல
முன்பே போய் நின்றிருப்பான்.
தட்டுவான். உள்ளே.
வலை அசைவது நின்றபிறகுதான்
கோல்கீப்பர் விழுவார்.
ஒரு கோலுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
தருமபுரிக்காரன் முதுகில் பட்டுப் போன ஒன்றுக்கு
எழுநூற்றைம்பது போட்டேன்.
ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.
தட்டுவடை செட் மட்டும் என் கணக்கில் தின்றான்.

பங்குனியில் ஏற்காட்டு மலையில் ஓடவிட்டார் கோச்.
ஐந்தாம் கொண்டை ஊசியில் பாதிப் பேர் வாந்தி.
இவன் இருபதையும் ஏறினான்.
கீழே எங்களோடு இருந்தபோது
மூச்சை எங்கோ அடகு வைத்திருந்தவன்
மேலே போனதும் மீட்டுக்கொண்டான் போல.
கோடை மழை பெய்த மறுவாரம்.
காப்பிச் செடியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து
காற்றே கனமாய் இருந்தது.
அழுவானோ என்று பார்த்தேன்.
ஒரு கிளையை வளைத்து,
"சோம்பேறிகள். கவாத்து செய்யவில்லை" என்றான்.

ஒரு மாலை பட்டறைக்கு வந்தான்.
மகளுக்குக் கொலுசு.
அளவு எத்தனை இஞ்ச் என்றேன்.
கட்டைவிரலும் நடுவிரலும் சேர்த்து வளையம் காட்டினான்.
இது மூன்று வயதில்.
இப்போது?
ஒன்பது.
விரல்கள் மெல்லப் பிரிந்தன,
எங்கே நிற்பதென்று தெரியாமல்
காற்றில் திறந்தபடியே இருந்தன.
ஏழு இஞ்ச் போட்டேன்.
திருகாணியில் இரண்டு கண்ணி கூடுதல்.
செய்கூலி எழுதவில்லை.
வேறு யாருக்கும் அப்படிச் செய்ததில்லை,
என் தங்கைக்கும்கூட.

காந்தி மைதானம், ஈரோட்டோடு அரையிறுதி.
எழுபதாம் நிமிடம்.
யாரும் தொடவில்லை.
பந்து கோட்டைத் தாண்டித் த்ரோ ஆகியிருந்தது.
சும்மா திரும்பினான்,
அந்தச் சத்தம் எனக்கு பெஞ்சில் கேட்டது:
பட்டறையில் கம்பி அறும் சத்தம்.

கணக்கு முடித்தேன்.
பதினாறரை கோல்.
பதினேழு என்று திருத்தி ஓரத்தில் கையெழுத்திட்டேன்.
அபராதம் ரத்து.
மீதி ஒன்றிருக்கிறது என்றான்,
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து.
அவர்கள் வருடத்தில் மாதம் பதின்மூன்றாம்.
கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள்.
அந்த ஐந்து நாளும் உங்கள் ஊரில்தான் இருந்தேன், என்றான்.
விளையாட்டாகத்தான் சொன்னான்.

எழுதினேன்:
பதின்மூன்றாம் மாதம், ஐந்து நாள்.
முதலாளி கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
இது எந்த மாசம்டா?
நம்மிடம் இல்லாதது, என்றேன்.
அவர் போனில் வேறு யாரையோ திட்டிக்கொண்டே
கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான்.
சிமென்ட் தரை, ஒரு சின்னக் கால்,
குதிகாலுக்குச் சரிந்து கிடக்கும் கொலுசு.
பெரிதாகிவிட்டது.
அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று எழுதியிருந்தான்.

யாருடைய அடுத்த வருடம் என்று
நான் கேட்கவில்லை.